சர்வர் அமெரிக்கால இருந்தா அரசியல் பதிவு எழுத பயப்பட வேண்டாமா?

தெருவிளக்கு:
ஒரு சந்தேகம் மக்களே. நான் வேலை பாக்கறது ஒரு நாடு, எழுதறது சொந்த நாட்டு அரசியல், ப்ளாக் இருக்கறது அமெரிக்க கம்பெனி சர்வர்ல. ஃப்ரெண்ட் ஒருத்தன் அடிச்சு சொல்றான், சர்வர் அங்க இருந்தா அந்த ஊரு சட்டம்தான், பேச்சுரிமைய காக்கற ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட்னு அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தம் இருக்கு, எவனும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. ஒரு மந்திரியோட டெண்டர் விவகாரம் பத்தி எழுதி வச்சிருக்கேன், இன்னும் போடல. போடலாமா?

பழையபேனா:
ஃப்ரெண்ட் பேச்ச நம்பி பப்ளிஷ் அமுக்கிடாதீங்க. இந்த சர்வர் வாதத்த ஆஸ்திரேலியா ஹைகோர்ட்டு 2002லயே தூக்கி போட்டுருச்சு. பேரன்ஸ்னு ஒரு பத்திரிகை, அத நடத்தற டவ் ஜோன்ஸ் அமெரிக்க கம்பெனி, சர்வர் நியூ ஜெர்சில. கட்டுரைல தன்ன தப்பா எழுதிட்டாங்கன்னு மெல்போர்ன் தொழிலதிபர் ஜோசப் கட்னிக் கேஸ் போட்டாரு. எங்க படிக்கறாங்களோ அங்கதான் மானம் போகுது, அதனால மெல்போர்ன் இருக்கற விக்டோரியா மாநிலத்துலயே கேஸ் நடத்தலாம்னு தீர்ப்பு.

அதவிட முக்கியம் நீங்க எங்க இருக்கீங்க, எந்த ஏர்போர்ட்ல போய் எறங்குவீங்கங்கறது. சல்மா அல்-ஷெஹாப்னு சவூதி பொண்ணு, இங்கிலாந்துல லீட்ஸ் யுனிவர்சிட்டில பிஎச்டி பண்ணிட்டு இருந்தவங்க, லீவுக்கு ஊருக்கு போன எடத்துல 2021 ஜனவரில புடிச்சிட்டாங்க. போட்டதெல்லாம் ட்வீட்டும் ரீட்வீட்டும்தான். மொதல்ல 6 வருஷம், அப்பீல் போனா கொறையும்னு பாத்தா 2022ல 34 வருஷமா ஏத்திட்டாங்க, அப்புறம் படிப்படியா கொறச்சு 2025ல வெளிய விட்டாங்க. ட்விட்டரும் அமெரிக்க கம்பெனிதானே, என்ன பிரயோஜனம்?

வக்கீல்குமாஸ்தா:
ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட்ட நம்மாளுங்க ஏதோ கவசகுண்டலம் மாதிரி பேசறாங்க. அது அரசாங்கத்தோட கையத்தான் கட்டுது. ப்ளாக் கம்பெனிக்காரன் பதிவ தூக்கினா, முதலாளி வேலைய விட்டு அனுப்பினா அது பக்கத்துல வராது. ஆனா அவதூறு விஷயத்துல அமெரிக்கா நிஜமாவே தனி ரகம். 1964ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் குடுத்த சல்லிவன் தீர்ப்புக்கு அப்புறம், எழுதுனவனுக்கு பொய்னு தெரிஞ்சிருந்தது இல்லன்னா உண்மையா பொய்யான்னு கண்டுக்காமலே எழுதுனான்னு கேஸ் போடற அரசு அதிகாரிதான் நிரூபிக்கணும். வெளிநாட்டு அவதூறு தீர்ப்பு அந்த அளவுக்கு பாதுகாப்பு தரலன்னா அமெரிக்க கோர்ட்டு அத நிறைவேத்தாதுன்னு 2010ல ஒரு சட்டமே வந்துச்சு. சரி, உங்க சொத்து அமெரிக்கால இருக்கா? இல்லல்ல, அப்ப அதனால உங்களுக்கு ஒரு லாபமும் இல்ல.

ஜனநாயக நாடுன்னா எல்லாம் ஒண்ணுன்னும் நெனக்காதீங்க, ஜெர்மனில நாஜி சின்னத்த சும்மா போட்டாலே கிரிமினல் கேஸ், அமெரிக்கால அது பேச்சுரிமை.

சும்மாவந்தவன்:
எல்லாரும் ஜெயில் ஜெயில்னே பேசறீங்க, பணத்த வச்சே வாய மூடிடுவாங்க சார். சிங்கப்பூர்ல ராய் ங்கெர்ங்னு ப்ளாக்கர், சிபிஎஃப்னு அங்க இருக்கற கட்டாய ஓய்வூதிய சேமிப்பு பணம் பத்தி எழுதுனதுக்கு அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங் 2014ல அவதூறு கேஸ் போட்டாரு. வேலை போச்சு, ஒன்றரை லட்சம் சிங்கப்பூர் டாலர் நஷ்டஈடு கட்டுன்னு தீர்ப்பு வந்துச்சு. தவணைல கட்டிட்டே இருந்தாரு, மிச்சத்த 2021ல பொதுமக்கள்தான் திரட்டி குடுத்தாங்க.

மால்டால டாஃப்னி கருவானா கலிசியா கதை இதவிட மோசம். ஊழல் பத்தி தனியாளா எழுதுனவங்க, 2017 அக்டோபர்ல கார்ல குண்டு வச்சு கொன்னாங்க. அந்த நேரத்துல அவங்க மேல 40க்கு மேல அவதூறு கேஸ் நிலுவைல இருந்துச்சு, செத்த பிறகும் பல கேஸ் குடும்பத்து தலைல விழுந்துச்சு. மெரட்டறதுக்குன்னே போடற இந்த மாதிரி கேஸுக்கு எதிரா ஐரோப்பிய யூனியன் 2024ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ஏழு வருஷம் கழிச்சு!

தெருவிளக்கு:
நல்லா பயமுறுத்திட்டீங்க 😄 அப்ப புனைபெயர்ல எழுதுனா?

பழையபேனா:
கொஞ்சம் உதவும், முழுசா நம்பாதீங்க. இங்கிலாந்துல போலீஸ்காரர் ஒருத்தர் நைட்ஜாக்ங்கற பேர்ல எழுதி 2009ல அரசியல் எழுத்துக்கு குடுக்கற ஆர்வெல் பரிசே வாங்குனாரு, அதே வருஷம் ஒரு பத்திரிகை அவர கண்டுபுடிச்சு பேர போடப் போகுதுன்னு கோர்ட்டுக்கு போனாரு, ப்ளாக் எழுதறது பொதுக் காரியம், அதுல பேர மறைக்க உரிமை இல்லன்னு சொல்லிட்டாங்க.

வக்கீல்குமாஸ்தா:
இன்னொண்ணு, சட்டம் செத்துருச்சுன்னும் அசந்துடாதீங்க. இந்தியால ஆன்லைன்ல எழுதுனதுக்கு ஆள புடிக்க வழி குடுத்த ஐடி ஆக்ட் 66ஏ பிரிவ 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிச்சு, அப்புறமும் ஸ்டேஷன்ல அதுல எஃப்ஐஆர் போட்டுட்டே இருந்தாங்க, 2022ல கோர்ட்டு மறுபடி உத்தரவு போட வேண்டியதா போச்சு.

டெண்டர் பதிவுக்கு வர்றேன். கைல என்ன ஆவணம் இருக்கு? அரசாங்கமே வெளியிட்ட டெண்டர் பேப்பர்னா அத அப்படியே போட்டு என்ன எழுதிருக்குன்னு மட்டும் சொல்லுங்க, "திருடன்"னு நீங்களா பட்டம் குடுக்காதீங்க. யாரோ ரகசியமா குடுத்ததுன்னா அது வேற கதை, இங்க பேச வேண்டாம், நீங்க இருக்கற நாட்டு வக்கீல் ஒருத்தர பாத்துட்டு போடுங்க.

தெருவிளக்கு:
பாதி அரசாங்க சைட்ல எடுத்தது, பாதி அப்படி இல்ல. அந்த ரெண்டாவது பாதிய இப்போதைக்கு வெட்டிடறேன்.