கேசட் கேப்சர் ஸ்டிக்குக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர் ஏறவில்லை, உதவுங்கள்

மானாமதுரை மல்லி:
வணக்கம். அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது, 1993-இல் எடுத்தது. அப்பத்தா குலவை போடுவது அதில் மட்டும்தான் இருக்கிறது. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று மாமா வீட்டு டெக்கை வாங்கி வந்து, டெக்கில் ஓடுகிற படத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் ஒன்றும் வாங்கினேன். ஸ்டிக்கில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை.

லேப்டாப்பில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 28. கூட வந்த குட்டி சிடியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வந்து செட்டப் ஓட்டினேன். முடிந்தது என்று காட்டியது, ஆனால் குறி போகவில்லை. அப்புறம் நெட்டில் கிடைத்த டிரைவர் அப்டேட்டர் ஒன்றைப் போட்டேன். 37 டிரைவர்கள் பழசு, பணம் கட்டினால் சரியாகிவிடும் என்கிறது. கட்டலாமா?

பழைய டேப்:
கட்ட வேண்டாம் மல்லி. முதலில் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள்.

கோட் 28 என்றால் டிரைவர் ஏறவில்லை, அவ்வளவுதான். ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த ஸ்டிக்குகள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சிப் மட்டும் மாறும்: எஸ்டிகே1160, யுடிவி007, எஸ்எம்ஐ2021 என்று. ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்குச் சேராது. அதனால் பெட்டியில் அச்சடித்த பெயரை வைத்துத் தேடாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் போய் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) என்று இரண்டு எண்கள் வரும். அதை எழுதுங்கள், பார்ப்போம்.

இன்னொன்று. கேசட் மூடியைத் தூக்கிச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் இருந்தால் டெக்கில் போடவே கூடாது.

மானாமதுரை மல்லி:
பூசணம் இல்லை அண்ணா, நல்லவேளை. விஐடி 1பி71, பிஐடி 3002. சிடியில் மூன்று ஃபோல்டர்கள் இருக்கின்றன. எது என்று தெரியவில்லை.

பழைய டேப்:
உங்களுடையது யுடிவி007. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஐஎன்எஃப் என்று முடிகிற ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து 1பி71 என்று தேடுங்கள். எந்த ஃபைலில் அந்த எண் வருகிறதோ அந்த ஃபோல்டர்தான் உங்களுக்கு. செட்டப்பைத் தொடாமல், டிவைஸ் மேனேஜரிலேயே அப்டேட் டிரைவர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். 32, 64 என்று பிரித்திருந்தால் 64. விண்டோஸ் 11-இல் 32 பிட் கிடையாது.

டிரைவரை யார் தந்தது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சிக்னேச்சர் இல்லை என்று விண்டோஸ் மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தச் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. பேங்க் வேலை பார்க்கிற லேப்டாப்பில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

பென்குயின்:
மறுத்தாலும் கவலைப்படாதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் 2013 முதலே இந்தச் சிப்புக்கு யுஎஸ்பிடிவி என்ற டிரைவர் இருக்கிறது. பென்டிரைவில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டு அதிலிருந்தே பூட் செய்தால் போதும், விண்டோஸைத் தொட வேண்டியதில்லை.

மானாமதுரை மல்லி:
மூன்றாவது ஃபோல்டரில் இருந்தது! டிரைவர் ஏறிவிட்டது, குறி போய்விட்டது. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் படமும் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாக, கீழிருந்து மேலே உருண்டுகொண்டே இருக்கிறது.

பழைய டேப்:
அது டிரைவர் கோளாறு இல்லை. டிவி சிக்னலில் பிஏஎல், என்டிஎஸ்சி என்று இரண்டு முறைகள் உண்டு. நம் ஊர்க் கேசட் பிஏஎல், ஸ்டிக் அதை என்டிஎஸ்சி என்று நினைத்துக்கொண்டு படிக்கிறது. ஓபிஎஸ் சோர்ஸில் கான்ஃபிகர் வீடியோ என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் வீடியோ டிகோடர் போய் பிஏஎல்_பி வையுங்கள். அளவு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். ஹப்பில் செருகாமல் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். சுருக்காத படம் நொடிக்குச் சுமார் 20 எம்பி வரும், ஹப்பில் மற்றவற்றோடு பங்கு போட்டால் ஃபிரேம் விழும்.

மானாமதுரை மல்லி:
கலர் வந்துவிட்டது. அம்மாவின் அரக்குப் பட்டு அப்படியே தெரிகிறது. ஆனால் சத்தமே இல்லை அண்ணா. எனக்கு வேண்டியதே சத்தம்தான்.

பென்குயின்:
ஸ்டிக்கின் ஆடியோவை விண்டோஸ் மைக் என்றுதான் எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், டெஸ்க்டாப் ஆப்கள் மைக்கைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா பாருங்கள். பிறகு ஓபிஎஸ் சோர்ஸ் ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டம் ஆடியோ டிவைஸ் என்பதை டிக் செய்து ஸ்டிக்கைத் தேர்ந்தெடுங்கள்.

மானாமதுரை மல்லி:
அனுமதி அணைந்து கிடந்தது. இப்போது கேட்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அப்பத்தா குலவை போடும்போது மட்டும் மிக்ஸரில் பட்டை சிவப்புக்கு ஏறிச் சத்தம் கரகரக்கிறது.

பழைய டேப்:
ஆடியோவைக் குறைத்து, அந்த இடத்தில் பட்டை மஞ்சளுக்குள் நிற்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேசட்டைச் சுற்றி, முதலிலிருந்து பதிவு செய்யுங்கள்.