எக்ஸ்ரேயில் நிழல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு வயது 54, ஈரோடு பக்கம். இளவட்ட வயதிலிருந்தே சிகரெட் பழக்கம். குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் "வலது மேல் பகுதியில் நிழல், சிடி ஸ்கேன் எடுக்கவும்" என்று எழுதிவிட்டார்கள். ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காறை எலும்புக்குக் கீழே பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஒரு திட்டு.

காலையில் இருமல் உண்டு, அது பல வருஷக் கதை. சளியில் ரத்தம் இல்லை, எடையும் குறையவில்லை. சின்ன வயதில் டிபி வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். அந்தத் தழும்பாகவும் இருக்கலாம், ஆனால் புகைப்பவர் என்பதால் சிடி பார்க்காமல் புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சளிப் பரிசோதனைக்கும் எழுதியிருக்கிறார்.

பழைய எக்ஸ்ரே இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். என்னிடம் இல்லை. டிபி மாத்திரை வாங்கிய அரசு ஆஸ்பத்திரியில் அவ்வளவு பழைய படம் கிடைக்குமா? அப்புறம், சிடிக்கு ஊசியில் மருந்து ஏற்றுவார்களாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், உங்களில் யாரையாவது அதை நிறுத்தச் சொன்னார்களா? இதே மாதிரி நிழல் வந்தவர்களுக்குக் கடைசியில் என்னவென்று தெரிந்தது?

"சிகரெட்டை விடுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள், அதை வீட்டில் மூன்று வேளையும் கேட்கிறேன்.