கொடுத்தது பரிசா, கட்டளையா?

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தபோது, என் அக்காவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் பரிசளித்தேன். நடக்கும் அடிகளை எண்ணுவது, உறக்கத்தை அளப்பது, நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் அதிர்ந்து நினைவூட்டுவது என அதில் இல்லாத வசதியே இல்லை. அக்கா பிரித்துப் பார்த்தார், "நன்றாக இருக்கிறது" என்றார், மீண்டும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் கையில் அதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

எனக்கு அது மனத்தாங்கலாகவே இருந்தது. சில மாதங்கள் கழித்து நானே வாய்விட்டுக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது: "நான் பருத்துவிட்டேன் என்று நீ நினைப்பது எனக்குப் புரிந்தது. அதை எல்லோர் முன்னிலையிலும் வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்க வேண்டாம்."

உண்மையில், அந்த ஆண்டில் அவர் தமக்கென்று வைத்திருந்த இலக்கு வேறு. பள்ளி நாட்களில் கற்று, இடையில் விட்டுப்போன வயலினை மறுபடியும் கையில் எடுக்க விரும்பினார். அதை என்னிடமே இரண்டு முறையாவது சொல்லியிருக்கிறார். நான்தான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அவருடைய ஆசை பரணில் தூசி படிந்து கிடக்க, என்னுடைய ஆசையை அவருடைய மணிக்கட்டில் கட்டப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, "வயலினை எடுக்க விடாமல் உன்னைத் தடுப்பது எது?" என்று கேட்டேன். நல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை என்பார், அல்லது வாத்தியம் பழுதாகிவிட்டது என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். வாத்தியம் பழுதானது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. அலுவலகம் முடிந்து வீடு திரும்பியதும் அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் அவருடையதாக இருந்தது. அம்மாவுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வயலினைப் பழுதுபார்த்துப் புதுத் தந்திகள் மாட்டினேன். அதனுடன், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை அம்மாவுடன் நான் இருப்பேன் என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டுக் கொடுத்தேன். "முடிந்தபோதெல்லாம் வருகிறேன்" என்று எழுதாமல் நாளையும் நேரத்தையும் குறித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தம் சக ஆய்வாளருடன் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளை எவ்வாறு கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். எங்கே, எப்போது எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் எழுதினார்கள். அவ்வாறு குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதினார்கள்.

ஆயினும் முதல் மாதத்திலேயே இரண்டு வெள்ளிக்கிழமைகள் தவறினேன். நேரத்தைப் பரிசாகக் கொடுப்பதில் உள்ள சிக்கல் அப்போதுதான் விளங்கியது. கடையில் வாங்கிய பொருளைக் கொடுத்த அன்றே கொடுத்து முடித்துவிடலாம். நேரத்தையோ ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தவறினால், பெற்றவர் தம் பரிசைத் தாமே கேட்டு வாங்க வேண்டிய சங்கடத்துக்கு ஆளாகிறார். அக்கா கேட்கவில்லை. எனக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

* * *

மேலே எழுதியவருக்கு: உங்கள் அக்காவைப்போல் பரிசு பெற்ற ஒருத்தியின் இடத்தில் இருந்து நான் எழுதுகிறேன். என் வாழ்க்கை நினைவுகளை எழுத வேண்டும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கத் தொடங்கினார்கள். தோல் அட்டை போட்டது, பூ வேலைப்பாடு செய்தது, என் பெயர் பொறித்தது என்று ஏழு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. ஏழும் வெற்றுத் தாள்கள். கொடுத்தவர்கள் அன்புடன்தான் கொடுத்தார்கள், ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவை, "இன்னும் தொடங்கவில்லையா?" என்று கேட்பதுபோல் இருக்கும்.

சென்ற ஆண்டு என் பேத்தி வெறுங்கையுடன் வந்து, "பாட்டி, ஞாயிறுதோறும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், நீங்கள் பேசினால் போதும், நான் பதிவு செய்துகொள்கிறேன்" என்றாள். அவள் கேட்ட முதல் கேள்வி, நான் பிறந்த வீட்டின் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா என்பது. அந்தக் கதவின் வழியாக உள்ளே போனவள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். எனக்கு இல்லாதிருந்தது தாள் அன்று, கேட்பதற்கு ஓர் ஆள் என்பதை எனக்கே அந்தப் பெண்தான் காட்டிக்கொடுத்தாள். அவள் தட்டச்சு செய்து கோத்துத் தந்த பக்கங்கள் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டன. நோட்டுப் புத்தகங்களில் ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

* * *

இருவரும் எழுதியதைப் படித்தேன். கேட்காமல் கொடுக்கும் பரிசெல்லாம் கட்டளைதான் என்பதுபோல் ஒரு முடிவு இதிலிருந்து எழுமானால், அதை நான் ஏற்கவில்லை. எனக்கு ஓடும் எண்ணமே இல்லாதபோது நண்பர் ஒருவர் ஓட்டக் காலணிகளை வாங்கி வந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, தம் காலணிகளையும் அணிந்துகொண்டு அவரே வாசலில் வந்து நின்றார். தொடர்ந்து மூன்று மாதங்கள் வந்தார். காலணிகள் மட்டும் வந்திருந்தால் அவையும் பரணுக்குத்தான் போயிருக்கும்.

முதலில் எழுதியவருக்கு ஒரு செய்தி. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாகவே நிகழும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாட்களில் இருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளால் அக்காவின் வயலின் நின்றுபோயிருக்காது என்று நம்புகிறேன். நின்றுவிட்டதா?

* * *

நிற்கவில்லை. நான் வராத வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் அறையிலேயே உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அபசுரம் வரும் இடங்களை அம்மா சரியாகக் கண்டுபிடித்துச் சொல்வதாகவும், அதனால் நான் வரும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதே நிம்மதியாக இருப்பதாகவும் அக்கா சொல்கிறார். இப்போது செவ்வாய்க்கிழமைகள் எனக்கும் பழகிவிட்டன. வெள்ளியை இன்னமும் முயன்றுதான் காப்பாற்றுகிறேன்.

அந்த ஸ்மார்ட் வாட்ச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது அம்மாவின் கையில் இருக்கிறது. மாத்திரை வேளைகளில் அதிர்ந்து நினைவூட்டுகிறது. அடிகளை எண்ணும் வசதியை அக்காவே அணைத்து வைத்துவிட்டார்.