டிஆர்பிடி + பேஸ்மேக்கர்: இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் பிரைமரி ஆகிவிட்டன, என்ன செய்வது?

இரவுப்பணி:
வணக்கம். ஏ, பி என்று இரண்டு சர்வர். ஒன்றின் டிஸ்க்கை மற்றதில் உடனுக்குடன் நகலெடுக்க (ரெப்ளிகேஷன்) டிஆர்பிடி 9, அதில் புரோட்டோகால் சி, அதன் மேல் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், அதில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், மேலே, ஒன்று விழுந்தால் மற்றதை பிரைமரி (எழுதும் பக்கம்) ஆக்கும் பேஸ்மேக்கர். சனிக்கிழமை இரவு சுவிட்ச் மாற்றினோம். பழைய சுவிட்சில் பாதி கேபிள், புதியதில் பாதி என்று ஒரு 20 நிமிடம் கிடந்தது. கோரோசிங்க் (எதிர் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் தொடர்பு), ரெப்ளிகேஷன் இரண்டும் அதே வழிதான் என்பதால், ஏ செத்துவிட்டது என்று நினைத்து பி-யும் பிரைமரி ஆகி டேட்டாபேஸைக் கிளப்பிவிட்டது. இரண்டு பக்கமும் ஆர்டர்கள் விழுந்திருக்கின்றன. இப்போது ஏ-யில் மட்டும் ஓடுகிறது, டிஆர்பிடி இரண்டிலும் ஸ்டாண்ட்அலோன் (ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனி). புரோட்டோகால் சி போட்டால் டேட்டா போகாது என்றுதானே படித்தேன்? ஆட்டோமேட்டிக்காகச் சரியாகும்படி ஆஃப்டர்-எஸ்பி (இப்படி இரண்டாகப் பிரிந்தபின் டிஆர்பிடி என்ன செய்ய வேண்டும் என்ற) செட்டிங் போட்டுவிடலாமா?

பழைய வட்டு:
போடாதீர்கள். அந்த செட்டிங் இரண்டு பக்க டேட்டாவையும் ஒன்றாகச் சேர்க்காது, ஒரு பக்கத்தைத் தூக்கி எறியும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று நீங்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டியதை அது உங்களைக் கேட்காமல் செய்துவிடும்.

முதலில் பி-யில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். டிஆர்பிடிக்குக் கீழே எல்விஎம் (டிஸ்க்கைப் பிரித்துக் கையாளும் அடுக்கு) இருந்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நகல்) எடுத்து அதை மவுண்ட் செய்யுங்கள் (டிஆர்பிடியின் மெட்டாடேட்டா அதே டிஸ்க்கில், அதாவது இன்டர்னல் என்றால் அது டிஸ்க்கின் கடைசியில் இருப்பதால் ஃபைல் சிஸ்டத்துக்குத் தொந்தரவு இல்லை, மவுண்ட் மறுத்தால் வகை ஈஎக்ஸ்டி4 என்று நீங்களே சொல்லிவிடுங்கள்). வேறு போர்ட்டில் போஸ்ட்கிரஸை ஏற்றி டம்ப் எடுத்து, ஏ-யில் இல்லாத வரிகளைப் பிரித்தெடுங்கள். அதன் பிறகுதான் பி-யை செகண்டரி ஆக்கி, டிஸ்கார்ட்-மை-டேட்டா (பி-யின் மாற்றங்களைக் கைவிடச் சொல்வது) போட்டு கனெக்ட் செய்ய வேண்டும், ஏ-யில் வெறும் கனெக்ட். கட்டளையை அடிக்கும் முன் எந்த சர்வரில் நிற்கிறீர்கள் என்று ஹோஸ்ட்நேமைப் பாருங்கள். எந்த பிளாக் மாறியது என்று குறித்துவைக்கும் பிட்மேப் இருப்பதால் மாறிய பிளாக்குகள் மட்டும்தான் நகரும், முழு டிஸ்க்கும் அல்ல.

புரோட்டோகால் சி இரண்டு டிஸ்க்கிலும் எழுதி முடித்தபின்தான் 'சரி' என்று சொல்லும். ஆனால் இணைப்பு இருக்கும்வரைதான் அந்த உறுதி. இணைப்பு அறுந்தால் பிரைமரி தனியாக எழுதிக்கொண்டே போகும்.

கம்பிவேலி:
கேட்கவே மனம் கனக்கிறது. ஸ்டோனித் (பதில் சொல்லாத சர்வரின் பவரை அறுக்கும் ஏற்பாடு) இருக்கிறதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன், இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இரவுப்பணி:
இல்லை. நிறுவும்போது எரர் வந்தது, ஸ்டோனித்-எனேபிள்டு ஃபால்ஸ் என்று போட்டால் சரியாகிவிடும் என்று எங்கோ இருந்தது, போட்டுவிட்டோம்.

கம்பிவேலி:
அங்கேதான் கோளாறு. எதிர் சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் அது செத்ததா, கேபிள் கழன்றதா என்று இங்கிருந்து தெரியவே தெரியாது. பவரை அறுத்து, அறுந்தது என்று உறுதியான பிறகுதான் ப்ரோமோட் செய்ய வேண்டும். ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்கும் தனி வழி) இருந்தால் அதை வைத்து ஃபென்சிங் (எதிர் சர்வரை இப்படித் தடுத்து வைப்பது) போடுங்கள், ஆனால் அந்த ஐபிஎம்ஐ கேபிள் இதே சுவிட்சுக்குப் போகக் கூடாது. டிஆர்பிடி பக்கமும் ஃபென்சிங்கை ரிசோர்ஸ்-அண்ட்-ஸ்டோனித் என்று வைத்து, ஃபென்ஸ்-பியர் ஹேண்ட்லரை (எதிர் சர்வரைத் தடுக்க ஓடும் ஸ்கிரிப்ட்) கொடுத்துவிட்டால், முடிவு தெரியும்வரை ஐ/ஓ அப்படியே நிற்கும். டேட்டாபேஸ் பத்து வினாடி உறைவது பெரிய விஷயமே இல்லை. அப்புறம், இரண்டும் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளாமல் இருக்க, ஏ-யைச் சுடும் டிவைஸுக்குக் கொஞ்சம் டிலே போடுங்கள், அப்போது ஏ முந்திக்கொள்ளும்.

பழைய வட்டு:
முடிந்தால் மூன்றாவதாக ஒரு சின்ன மெஷின் சேருங்கள். டிஆர்பிடி 9-இல் அது டிஸ்க் இல்லாமலே டைபிரேக்கராக நிற்கும், கோரம் மெஜாரிட்டி (பெரும்பான்மை மெஷின்கள் தொடர்பில் இருந்தால்தான் எழுதலாம்) என்று வைத்தால் தனித்துவிடப்பட்ட சர்வரால் எழுதவே முடியாது. ரெப்ளிகேஷனுக்கு இரண்டு சர்வருக்கும் நடுவே நேரடி கேபிள் போடுங்கள், கோரோசிங்குக்கும் அதை இரண்டாவது வழியாகக் கொடுங்கள்.

இரவுப்பணி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. பி-யில் மட்டும் 61 ஆர்டர் இருந்தது, பல எண்கள் ஏ-யிலும் வேறு வாடிக்கையாளருக்குப் போயிருந்தன, எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்து ஏற்றிவிட்டோம். ரீசிங்க் சில நிமிடத்தில் முடிந்தது. ஐபிஎம்ஐ தனி சுவிட்சுக்குப் போய்விட்டது. நேற்று இரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கோரோசிங்க், ரெப்ளிகேஷன் கேபிள்களையெல்லாம் கையால் பிடுங்கிப் பார்த்தோம்: பி அணைந்தது, ஏ ஒரு நொடி தயங்கித் தொடர்ந்தது. மூன்றாவது மெஷினுக்கு இன்று கேட்டிருக்கிறேன்.