சொல்லாக்கம்: ‘வழிவிடு வரிசை’ சரிவருமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கூட்டமாக வாழும் விலங்குகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்று உண்டாகும் வரிசையை ஆங்கிலத்தில் ‘dominance hierarchy’ என்கிறார்கள். அதில் ‘dominant’, ‘subordinate’ எலிகளுக்கு நீங்கள் அனுப்பிய ‘மேலெலி, கீழெலி’ சொல்ல எளிதாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் பாடத்தில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. போன வாரம் பாளையங்கோட்டையில் முதலாண்டு வகுப்பில் ‘கீழ்நிலை எலி’ என்று சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன், “அப்பம் அதோட குட்டியும் கீழ்நிலைதானா சார்?” என்று கேட்டான். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நம் ஊரில் அது எலியோடு நிற்கிற கேள்வி இல்லை.

உட்கலப்பில் வளர்த்த, மரபணு ஏறத்தாழ ஒன்றாகவே உள்ள நான்கு ஆண் சுண்டெலிகளை ஒரே கூண்டில் விட்டாலும் அவற்றுக்குள் வரிசை உண்டாகிவிடும். வென்றது தரை முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிறுநீர் தெளித்து வைக்கும். தோற்றது ஏதாவது ஒரு மூலையில் மொத்தமாகப் பெய்துவிட்டு ஒடுங்கும்.

சோதனையும் எளிது. ஓர் எலி மட்டும் நுழையும் குழாய். இரு முனையிலிருந்தும் ஒவ்வொன்றாக உள்ளே விடுவார்கள். நடுவில் மூக்கோடு மூக்கு முட்டும். ஒன்று பின்வாங்கி வெளியே வரும். சீன நரம்பியலாளர் ஹாய்லன் ஹூவின் குழு 2011-இல் மூளையின் முன்புற மேலடுக்கில் (புறணியில்) நரம்பிணைப்புகளின் வலுவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது அந்த வரிசையே மாறிவிட்டது.

பிசான நடவு சமயத்தில் ஒற்றை வரப்பில் எதிரெதிரே வரும் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் ‘dominance hierarchy’-யை ‘வழிவிடு வரிசை’ என்கிறேன். எலிகளுக்கு ‘முந்தெலி, விலகெலி’.

---

தம்பி,

யார் சேற்றில் இறங்குவது என்பதைச் சாதி சொன்ன காலத்தை நான் கண்ணால் பார்த்தவன். ‘வழிவிடு’விலும் அந்தச் சேறு கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆனால் வழிவிடுவது ஒரு செயல். நாளைக்கு விடாமலும் இருக்கலாம். ‘கீழ்’ பெயரோடு ஒட்டிக்கொண்டால் போகவே போகாது. சரி, என் சொற்களை விட்டுவிடுகிறேன், ‘வழிவிடு வரிசை’ இருக்கட்டும்.

‘விலகெலி’ மட்டும் வேண்டாம். அதுவும் ஒரு பட்டப்பெயர்தான். ‘விலகிய எலி’ என்று எழுதுங்கள், அன்றைக்கு அந்தக் குழாயில் நடந்ததை மட்டும் அது சொல்லும். ‘முந்திய’ என்றால் ‘முன்பு வந்த’ என்றும் பொருள்படும். அதனால் ‘நின்ற எலி’.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தக் கடைசி பெஞ்சுப் பையனிடம் வாசித்துக் காட்டுங்கள்.