மறுமொழி: 'நாடோடி' வேண்டாம், 'வலசை மேய்ச்சல்' ஆகட்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருப்பதை ஒட்டித் தமிழில் ஒரு துண்டறிக்கை போடலாம் என்று தோவாளை அண்ணாச்சி சொன்னதில் தொடங்கிய இழை இது. மந்தை மேய்த்துப் பிழைப்பதைக் குறிக்கும் 'பாஸ்டரலிசம்', பருவத்துக்குப் பருவம் இடம்மாறி மேய்ப்பதைக் குறிக்கும் 'டிரான்ஸ்ஹியூமன்ஸ்' இரண்டுக்கும் சொல் கேட்டார். வந்து விழுந்த சொற்கள் பல. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், இடையில் கொஞ்சம் வயற்காட்டுக்கும் வருவாய்த்துறைக்கும் போய்வர வேண்டியிருக்கும், பொறுத்தருள்க.

> நாடோடிக் கால்நடை வளர்ப்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். புதிதாக எதற்கு?

மாசி, பங்குனியில் ஆரல்வாய்மொழி வழியாக நாஞ்சில்நாட்டுக்குள் கிடை போட, அதாவது எருவுக்காக இராத்திரி ஆடுகளை வயலில் அடைக்க, வரும் ஆட்டுக்காரர்களிடம் பேசிப் பார்த்தவர்கள் இந்தச் சொல்லை எழுத மாட்டார்கள். எந்தப் பத்தில் (வயற்பரப்பில்), யார் வயலில், எத்தனை ராத்திரி என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஊர் உண்டு, வீடு உண்டு, ரேஷன் கார்டு உண்டு. வரும் காலமும் கணக்குத்தான். கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் அறுப்பு முடிந்து கன்னிப்பூ என்ற முதல் போகத்துக்கு உழவு தொடங்கும்வரை நம் வயல்கள் தாளும் புல்லுமாகக் கிடக்கின்றன. கணவாய்க்குக் கிழக்கே வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலம். தை கழிந்தால் காய்ந்துவிடும். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீரும் உண்டு. வறண்ட பக்கத்திலிருந்து பச்சை இருக்கும் பக்கத்துக்கு, நாள் பார்த்து வந்து, நாள் பார்த்துத் திரும்புகிற தொழிலைக் கால்போன போக்கில் அலைவதாகச் சொல்லும் 'நாடோடி' எப்படிப் பொருந்தும்?

இதில் ஒரு நடைமுறைக் கேடும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களைத் தனியே எண்ணினார்கள். எண்ண வருகிறவர் "நீங்க நாடோடியா?" என்று கேட்டால், சொந்த ஊரில் ஓட்டுப்போடுகிற மனிதர் "இல்லை" என்றுதான் சொல்வார். கணக்கில் வராத மந்தைக்குத் தடுப்பூசியும் வராது, இழப்பீடும் வராது.

> ஆயரியம். சங்க காலம் தொட்டு இருக்கும் சொல். முல்லைத் திணையின் மணம் வீசுகிறது.

மணம் வீசுகிறது, மறுக்கவில்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். நாகர்கோவிலில் 'ஆயர் இல்லம் எங்கே?' என்று கேட்டால் ஆட்டோக்காரர் நேராகக் கோட்டாறு மறைமாவட்ட அலுவலகத்தில் கொண்டு இறக்குவார்; இங்கே ஆயர் என்றால் பிஷப். 'மேய்ப்பர்' என்றாலும் இதே கதைதான், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நினைவுக்கு வரும். வேடிக்கை ஒருபுறம் இருக்க, இன்னொரு சிக்கல் பெரிது. ஆயர், இடையர், கோனார் எல்லாம் சாதியைச் சுட்டும் பெயர்கள். தொழிலின் பெயரைச் சாதியின் பெயராக வைத்துவிட்டால், அந்தச் சாதியில் பிறக்காமல் மந்தை ஓட்டுகிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்பார். 'கீதாரி'யைப் பொதுப்பெயராக்கச் சொன்ன தம்பிக்கும் ஒரு சொல்: கீதாரி என்பவர் பல குடும்பத்து மந்தைகளுக்குப் பொறுப்பேற்று நடத்தும் தலைவர். அவருக்குக் கீழே இருப்பவர் கீதாரி ஆகமாட்டார். அந்தச் சொல் அந்தப் பொறுப்புக்கே இருக்கட்டும்.

'கால்நடை வளர்ப்பு' என்ற தொடரிலும் எனக்கு மனக்குறை உண்டு. வளர்ப்பு என்றதும் கொட்டகை, தீவனம், பால் கணக்கு என்று ஓடுகிறது மனம். இங்கே தீவனத்துக்குச் செலவே இல்லை. மனிதன் உண்ண முடியாத தாளும் களையும் இறைச்சியாக மாறுகின்றன. அதைவிட, கிடையின் வரவு இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஆட்டுக்காரருக்குப் பணமோ நெல்லோ கொடுத்து இராத்திரி ஆட்டை வயலில் அடைக்கச் சொல்பவர் நிலத்துக்காரர். ஆட்டெருவில் சுமார் 3 விழுக்காடு தழைச்சத்து, 1 விழுக்காடு மணிச்சத்து, 2 விழுக்காடு சாம்பல்சத்து இருப்பதாக வேளாண் கையேடுகள் சொல்கின்றன. தொழுவுரத்தில் தழைச்சத்து அரை விழுக்காடுதான். கிடையில் கோமியமும் வயலிலேயே இறங்கிவிடும். அள்ள ஆள் வேண்டாம், ஏற்ற வண்டி வேண்டாம். 'ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்' என்ற பழமொழி வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஆனால் அரசுப் புள்ளிவிவரத்தில் ஆடு என்றால் இறைச்சி, பால், கம்பளி மட்டுந்தான். வேம்பூர், கீழக்கரிசல், செவ்வாடு போன்ற நம் தென்பகுதி இனங்களில் விற்கத்தக்க கம்பளியும் கிடையாது. ஆகவே வடக்கத்திக் கணக்கை வைத்து அளந்தால் இந்தத் தொழில் இளைத்துத்தான் தெரியும். மீட்டுக்கொடுத்த மண் எந்தப் பத்தியிலும் ஏறாது.

ஆகவே பொதுச்சொல்லுக்கு 'மேய்ச்சல் தொழில்' போதும் என்கிறேன். அலங்காரம் இல்லை, யாருக்கும் புரியும். 'இயம்', 'இயல்' ஒட்டினால் அது கொள்கையாகவோ படிப்பாகவோ தோன்றும், இது பிழைப்பு.

இனி முக்கியமான இடம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில் இரண்டு வகை மேய்ச்சலையும் பெயர்சொல்லி ஏற்கிறது: ஓரிடத்தில் தங்கி மேய்ப்பது ஒன்று, பருவத்துக்குப் பருவம் இடம்மாறி மேய்ப்பது மற்றொன்று. இந்த வேறுபாட்டைத் தமிழில் காட்டச் சொல் இல்லையென்றால் கிராமசபைத் தீர்மானத்தில் இரண்டாவது வகை காணாமல் போகும். காலையில் ஓட்டிப்போய் மாலையில் தொழுவத்துக்குத் திரும்புவதை 'ஊர்மேய்ச்சல்' எனலாம். இடம்மாறுவது 'வலசை மேய்ச்சல்'.

> வலசை பறவைக்கு உரிய சொல் ஆயிற்றே? சுசீந்திரம், தேரூர் குளத்துக்கு வருவதைத்தானே வலசை என்கிறோம்.

தேரூர் குளம் 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறிய பிறகு செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைப் பறவைக்கே எழுதிக்கொடுத்துவிட்டன, உண்மை. ஆனால் சொல் பிறந்தது மனிதருக்கு. பஞ்சம், போர் என்று குடிபெயர்ந்து போவதற்கு வலசை என்று பெயர். போய் அமர்ந்த ஊருக்கும் அதுவே பெயரானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் புதுவலசை, பிரப்பன்வலசை என்று ஊர்கள் இன்றும் இருக்கின்றன. கீதாரிகளின் தாய்மண்ணும் அதுதான். பறவையிடமிருந்து கடன் வாங்கவில்லை, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறோம்.

நிலத்துக்கு வருவோம். மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் 'ரேஞ்ச்லேண்ட்' என்பதற்குப் 'புல்வெளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். புல்வெளி என்பது தாவரத்தின் பெயர், உரிமையின் பெயராகாது. நம் வருவாய்ப் பதிவேட்டிலேயே 'மேய்க்கால் புறம்போக்கு', 'மந்தைவெளிப் புறம்போக்கு' என்ற வகைகள் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு நாம் புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு போனால் அவர் கோப்பையே திறக்கமாட்டார். 'மேய்க்கால்' இருக்கட்டும். பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றி ஊருக்கே திருப்பித் தரவேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கலாம். அந்தத் தீர்ப்பைக் காட்டி மனுப் போடுகிறவருக்கு 'மேய்க்கால்' என்ற சொல் கையில் கிடைத்த பிடி.

இந்த மாவட்டத்தில் அதுவும் முழு விடை ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். இங்கே வலசை வரும் ஆடுகள் நம்பி இருப்பது காட்டையோ புறம்போக்கையோ விட அதிகமாக அறுத்த பட்டா வயலையும், கோடையில் வற்றிய குளத்தின் உட்பகுதியையும், சாலையோரத்தையும். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியபோது இங்கும் பேச்சு எழுந்தது. ஆனால் நாஞ்சில்நாட்டுக் கிடையைச் சுருக்குவது நீதிமன்றம் இல்லை. நெல்வயல் வாழைத்தோட்டம் ஆகிறது, வாழைத்தோட்டம் வீட்டுமனை ஆகிறது, மேற்கே ஏலாக்களின் (நெல்வயல் பரப்புகளின்) ஓரம்வரை ரப்பர் இறங்கிவிட்டது. நிலத்துக்காரர் விற்றால் ஆட்டுக்காரர் என்ன உரிமை கேட்க முடியும்? பட்டா நிலத்தில் அறுப்புக்குப் பின் மேய்க்கும் வழக்கத்துக்கு நம் சட்டத்தில் பெயரே இல்லை. 'தாள்மேய்ச்சல்' என்று நாமாவது வைப்போம். பெயர் வைத்தால்தான் நீர்ப்பாசனச் சங்கக் கூட்டத்திலாவது பேசலாம்.

வழிக்கும் ஒரு சொல் வேண்டும். ஸ்பெயினில் மந்தை நடக்கும் பாதைகளுக்கென்றே 1995-இல் தேசியச் சட்டம் இயற்றினார்கள். சுமார் 1,25,000 கிலோமீட்டர் பாதை. அவற்றில் பெரியவை 75 மீட்டர் அகலம். அவை பொதுச்சொத்து, விற்க முடியாது. நம்மூரில் ஆரல்வாய்மொழியில் நெடுஞ்சாலையின் ஓரத்தில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆடு நடக்கிறது. 'மந்தைவெளி' இருப்பதால் 'மந்தைவழி' தானாகவே வாயில் வருகிறது. 'தடம்' சேர்த்தவர்களுக்கும் தடையில்லை, ஆனால் வழி என்றால் வழக்காட வசதி.

> மிகைமேய்ச்சலால் நிலம் பாழாகிறதே? சொல் தேடும் முன் அதை யோசியுங்கள்.

'மிகைமேய்ச்சல்' நல்ல சொல், வைத்துக்கொள்வோம். ஆனால் பழி சுமத்தும் முன் யார் மேய்த்தார் என்று பார்க்கவேண்டும். பொதுநிலம் என்றாலே பாழ் என்ற வாதத்தை 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் ஒரு மேய்ப்பன் கதையை வைத்துத்தான் சொன்னார். பொதுவளத்தை ஊரே விதிகள் வகுத்துக் காத்த இடங்களைத் தேடித்தேடி ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளியல் நோபல் பெற்றார். நம் மந்தைக்காரர்களின் விதி நகர்வதுதான். ஒரு வயலில் சில ராத்திரி, பிறகு அடுத்த வயல் என்று போகிற மந்தை மண்ணைக் கெடுப்பதில்லை. வழியை அடைத்து ஒரே இடத்தில் நிறுத்தினால்தான் கெடும். பிறகு அதைக் காட்டியே மேய்ச்சலுக்குத் தடை கேட்பார்கள்.

எனவே துண்டறிக்கைக்கு என் பரிந்துரை: மேய்ச்சல் தொழில், வலசை மேய்ச்சல், ஊர்மேய்ச்சல், மேய்க்கால், மந்தைவழி, தாள்மேய்ச்சல். ஆளைக் குறிக்க 'மந்தைக்காரர்' போதும், 'ஆட்டுக்காரர்' என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்.

வாத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அறுத்த வயலுக்கு வாத்து ஓட்டி வருகிறவர்களும் இதே வகைதான், ஆனால் வாத்துக்கு மந்தை என்றால் என் காதுக்கு ஒட்டவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நண்பர்கள் ஏலாவில் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். அண்ணாச்சி அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் வந்தால் நல்லது.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து