புதுப்பிப்பு: ஜேஏஐஐபி ரிசல்ட் வந்துவிட்டது

பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு வங்கி கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நான், வங்கி ஊழியர்களுக்காக ஐஐபிஎஃப் (இந்திய வங்கியியல், நிதி நிறுவனம்) நடத்தும் ஜேஏஐஐபி தேர்வில் அக்கவுன்டிங் தாளை எப்படித் தாண்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பாஸ் ஆகிவிட்டேன்! பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

மற்ற மூன்று தாள்களும் 50-க்கு மேல். அக்கவுன்டிங்கில் 46. தாளுக்கு 50 வேண்டுமே என்று பார்த்ததும் திக்கென்றது. ஒரு அக்கா சொல்லியிருந்த விதிதான் காப்பாற்றியது: ஒரே முறையில் எல்லாத் தாளிலும் 45-க்குக் குறையாமல், மொத்தத்தில் 50 சதவீதம் இருந்தால் தேர்ச்சி. என் மொத்தம் 400-க்கு 221. அதனால் பயந்துகொண்டு எந்தத் தாளையும் தள்ளிப்போடாதீர்கள்.

சாயங்காலம் கேஷ் டேலி ஆனதும் அரை மணி நேரம் தேய்மானம், பிரேக் ஈவன் (லாபமும் நஷ்டமும் இல்லாத நிலை), பத்திர விலைக் கணக்குகளைக் கையால் போட்டுப் பார்ப்பேன். வீடியோ பார்த்ததைவிட அதுதான் உதவியது. தேர்வுக்குக் கொண்டுபோகும் சாதாரண கால்குலேட்டரிலேயே பழகுங்கள். 2 மணி நேரத்தில் 100 கேள்வி. தவறான பதிலுக்கு மார்க் குறையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

வங்கியியல் தாள் அவ்வளவு கஷ்டமில்லை. கேஒய்சி, நாமினேஷன், கோடிட்ட காசோலை எல்லாம் தினமும் கையில் வருபவைதானே.

சான்றிதழ் வந்ததும் இன்கிரிமென்டுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அடுத்தது இதற்கு மேல்நிலைத் தேர்வான சிஏஐஐபி. அதில் புள்ளியியல் பகுதியை எப்படிப் படித்தீர்கள்? எழுதியவர்கள் சொல்லுங்கள்.